நூற்றைம்பது அடிக் கான்

பள்ளிமுனைக்கு நான் வந்தது 2011 புரட்டாதியில், மீள்குடியேற்ற வேலைத்திட்டம் ஒன்றின் தொழில்நுட்ப உத்தியோகத்தராக. கடற்கரையோரம் இருபத்திரண்டு புது வீடுகள். எல்லாம் இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பிய குடும்பங்கள். வீடுகளுக்கு முன்னால் ஓடும் குறுகிய ஒழுங்கைக்கு அடியில், வெள்ளைக்காரன் காலத்துக் கழிவுநீர்க் கான் ஒன்று கடலை நோக்கிப் போனது. மழைக்கு முன் அதைத் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீர் முழுவதும் கிணறுகளுக்குள் இறங்கிவிடும்.

முதல்நாள் ஆளிறங்கும் குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. செங்கல்லால் கட்டிய, முட்டை வடிவக் கான், கூர்முனை கீழே. தண்ணீர் குறைந்த நாளில் அது ஒடுங்கிய அடியில் ஓடும். ஒடுங்கிய இடத்தில் வேகம் குறையாது, மண் படியாது. மழைநாளில் அகன்ற மேற்பகுதி வேலை செய்யும். கடல்வாயில் மேலிருந்து தொங்கும் இரும்புக் கதவு. கடல் வற்றும்போது கான் தண்ணீர் அதைத் தள்ளித் திறக்கும். பெருகும்போது கடலே தள்ளி மூடும். திறக்கவும் மூடவும் ஆள் வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கதவு துருவேறி இறுகியிருந்தது. வெளியே பிடித்து இழுக்க அதில் ஒன்றும் இல்லை. யாராவது உள்ளே போய் அலவாங்கால், கடப்பாரையால், நெம்ப வேண்டும்.

கடைசி வீட்டு இராசேந்திரம், பழைய சங்குகுளிகாரர், தானே இறங்குவதாகச் சொன்னார்.

"கடலுக்கை பதினொரு பாகம் போன ஆள் நான், மிஸ். இதில நாத்தம்தான் கூட."

குளிகாரரின் கயிற்றை மனைவியின் சகோதரன்தான் பிடிப்பான். அது இந்தக் கரையின் வழக்கம். கூடப் பிறந்தவளைத் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. ஆகவே அவர் மனைவி மக்டலினின் தம்பி சுஜீவன் கயிறோடு வந்து குழிவாயில் குந்தினான்.

"நித்திரை கொள்ளாதை மச்சான். போனமுறை வள்ளத்தில குறட்டை விட்டனீ."

"நீங்கள் சங்கே இல்லாத இடத்தில குளிச்சால் வேறென்ன செய்யிறது, அத்தான்?"

கயிற்றுக்கும் ஒரு பேச்சு உண்டு. ஒரு இழுப்பு என்றால் 'நலம்'. பிடிப்பவனும் ஒன்று இழுத்துப் பதில் சொல்வான். இரண்டு என்றால் 'கயிறு விடு'. மூன்று என்றால் 'தூக்கு'. 'நலம்' என்று சொல்பவனை ஒருபோதும் இழுக்கக்கூடாது.

அரிக்கன் லாம்பைக் குழிக்குள் இறக்கிப் பார்த்தேன். சுடர் அசையாமல் எரிந்தது, காற்று நல்லது. பத்தரை மணிக்கு அவர் இறங்கினார். பதினொன்றரைக்குக் கடல் பெருகத் தொடங்கும். கதவு அரைகுறையாகத் திறந்து நின்றால் அந்த இடைவெளியால் கடல் உள்ளே ஏறும். அதற்குமுன் அவர் வெளியே வந்துவிட வேண்டும்.

மக்டலின் கைத்தொலைபேசியோடு கடல்வாயில் நின்றாள்.

கயிற்றில் பத்து அடிக்கு ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தோம். குழியிலிருந்து கதவுவரை நூற்றைம்பது அடி. மேலே நாடா பிடித்து நானே அளந்தது. பதினைந்தாவது துணி உள்ளே போனது. சேர்ந்துவிட்டார்.

ஒரு இழுப்பு. சுஜீவன் பதில் கொடுத்தான்.

பிறகு இரண்டு.

பதினாறாவது துணி போனது. பதினேழாவதும்.

"எங்கேயாவது சுருண்டிருக்கும், மிஸ்," என்றான்.

கயிறு சுருளவில்லை. விறைப்பாகவே போனது.

மக்டலினுக்கு அழைத்தேன். "கதவு அப்பிடியே கிடக்கு, மிஸ். அலவாங்குச் சத்தமும் இல்லை."

பத்தொன்பதாவது துணி குழிவிளிம்பைத் தாண்டியபோது மணி பதினொன்று இருபது. குழிக்குள்ளிருந்து கீல் மணத்தது, வள்ளத்துக்குப் பூசும் தார். அந்தக் கானில் கீல் எங்கும் இல்லை.

"இழு, சுஜீவன்."

"அவர் நல்லாயிருக்கிறன் எண்டு சொல்லுறார். எப்பிடி இழுக்கிறது?"

நானும் கயிற்றில் கை வைத்தேன். ஒரு இழுப்பு வந்தது. எண்ணினேன். முப்பதில் அடுத்தது. மீண்டும் முப்பதில் இன்னொன்று. ஒன்றுகூடத் தவறவில்லை.

"அலவாங்கு பிடிச்சு வேலை செய்யிற ஆள் இப்பிடி எண்ணி எண்ணி இழுப்பாரோ?" என்று மெல்லக் கேட்டேன்.

சுஜீவன் எழுந்து கயிற்றை இரு கையாலும் பற்றினான்.

இருவரும் இழுத்தோம். பாரமே இல்லை. கயிற்றின் நுனி வந்தது. இடுப்பளவு வளையம், முடிச்சு அவிழாமல், அப்படியே.

உள்ளே ஆள் இல்லை.

அப்போது தொலைபேசி அடித்தது. "கதவு திறந்திட்டுது, மிஸ். அவர் வந்திட்டார். ஆனால்... கெதியா வாங்கோ."

ஓடினோம்.

இராசேந்திரம் சுடுமணலில் குந்தியிருந்தார். அந்த வெயிலிலும் பல் கிடுகிடுத்தது. அவர் இடுப்பைச் சுற்றி, கீல் பூசிய தும்புக் கயிறு ஒன்று. கைமணிக்கட்டு அளவு தடிப்பு. அது திறந்த கதவுக்குள், இருட்டுக்குள், விறைத்து நின்றது.

"ஆர் கட்டினது?" என்றான் சுஜீவன்.

"உன்ர கயிறு கழண்டிட்டுது, மச்சான். ஒண்டும் தெரியேல்லை. ஆரோ கிட்ட வந்து இதைக் கட்டிப்போட்டு, கதவையும் தள்ளிவிட்டவர்." அவர் குரல் தாழ்ந்தது. "என்னை மச்சான் எண்டு கூப்பிட்டவர். தனக்குக் கயிறு பிடிக்க ஒருத்தரும் இல்லையாம்."

சுஜீவன் மீன்கத்தியால் கயிற்றை அறுத்தான்.

அறுந்த நுனி மணலில் கிடந்தது. பிறகு ஒரு முழம் உள்ளே போனது. நின்றது. இன்னொரு முழம் போனது. யாரோ கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதுபோல.

பத்து நிமிடத்தில் கடல் ஏறியது. கதவு தானாகவே மூடிக்கொண்டது.

ஐப்பசியில் மழை கொட்டியது. கான் நான் சொன்னபடியே வேலை செய்தது. ஒரு கிணறும் பழுதாகவில்லை. பழைய வரைபடத்தைக் கந்தோர்க் கோப்புகளில் தேடி எடுத்தேன். சாய்வு, கல்லின் அளவு, கதவின் நிறை எல்லாம் அதில் இருந்தன. உள்ளே நின்று கட்டியவர்களின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

தை மாதம், வேலை முடிந்து புறப்படுமுன், மக்டலின் வீட்டுக்குப் போனேன். இராசேந்திரம் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார்.

"கையைக் காட்டுங்கோ," என்றாள் மக்டலின்.

இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. பச்சைக் காயம். கயிற்றுப் புரியின் முறுக்கு வரிவரியாகப் பதிந்திருந்தது.

"கடல் வத்துற நேரமெல்லாம் இப்பிடித்தான், மிஸ். வீட்டில இருந்த கயிறு முழுக்க எரிச்சுப்போட்டன். கிணத்துக் கயிறையும்."

நான் மணியைப் பார்த்தேன். கடல் வற்றத் தொடங்கியிருந்தது.

மடியில் விரிந்து கிடந்த அவர் விரல்கள் மெல்ல மடிந்தன, எதையோ இறுகப் பிடித்ததுபோல.

கதிரை சீமெந்துத் தரையில் ஒரு சாண் முன்னே இழுபட்டது.

அவர் இரண்டு குதிகாலையும் ஊன்றிக்கொண்டார்.