சேவியர் மாஸ்டரின் பதினெட்டு நொடி

வேளச்சேரியில் காலை எட்டேகால் படகுப் பேருந்தில் ஏறுகிறவர்கள் யாரும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. பார்க்க என்ன இருக்கிறது? முப்பது வருடமாக அதே தண்ணீர்தான். ஒரு காலத்தில் ஏரியைத் தூர்த்து வீடு கட்டினார்கள். அப்புறம் ஏரி தன் இடத்தைத் திருப்பிக் கேட்டது. அரசாங்கம் மதகு கட்டி, மோட்டார் வைத்து, மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பதினாறு தெருக்களை அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தத் தெருக்களுக்கு மேலேதான் இப்போது படகு போகிறது.

வழியெங்கும் மஞ்சள் நிறக் குரல்மிதவைகள். படகு பக்கத்தில் வந்தால் போதும், பேச ஆரம்பித்துவிடும். "இங்கதாங்க நம்ம ரேஷன் கடை. பாமாயில் வந்தா க்யூ மெயின் ரோடு வரைக்கும் நிக்கும்" என்று ஒன்று. "இந்த வீட்டு நாய் தபால்காரரை மட்டும்தான் கடிக்கும்" என்று இன்னொன்று. எல்லாம் அங்கே வாழ்ந்தவர்களின் சொந்தக் குரல். ஏழாம் குறுக்குத் தெரு நெருங்கும்போது மட்டும் மிருதுளா செவிக்குமிழைக் காதில் மாட்டிக்கொண்டு பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். எழுபத்தொரு வயதில் மற்றவர்களுக்குக் காது கேட்கவில்லை என்று கவலை. இவளுக்கோ கேட்பதுதான் கவலை.

மாட்டி என்ன பிரயோஜனம்? அந்த மிதவை பேசுவது அவளுக்கு மனப்பாடம். "இங்க ஒரு ஸ்கேட்டிங் ரிங்க் இருந்துச்சு. நான்தான் மாஸ்டர், சேவியர். ஒரு நாள் கேட்டுக்கு எண்ணெய் போடுறப்ப டப்பாவைத் தரையில கவுத்துட்டேன். ஒரு பொண்ணு வழுக்கி விழுந்து கால் ஒடைஞ்சிருச்சு. தப்பு என்னோடது. அதோட ரிங்க்கை மூடிட்டாங்க." மொத்தம் பதினெட்டு நொடி.

அன்று அவள் தான் வேலை பார்க்கும் இடப்பதிவகத்துக்குள் நுழைந்ததும் இளம்பரிதி எழுந்து நின்றான். அவளுக்குக் கீழே பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறவன்.

"மேடம், ஏழாம் குறுக்குத் தெரு ஸ்கேட்டிங் தளம். கோவையில இருந்த வர்ஷினிங்கிறவங்க போன வாரம் தவறிட்டாங்க. இப்ப உயிரோட இருக்கற சாட்சி ஒரே ஒருத்தர்தான்." அவன் தயங்கினான். "சிஸ்டம் உங்க பேரைக் காட்டுது."

மிருதுளா அவன் திரையில் தன் பேரைத் தானே படித்துப் பார்த்தாள்.

கிட்டத்தட்ட முப்பது வருடமாக அவள் செய்கிற வேலையே, மூழ்கிய இடங்களைப் பற்றிச் சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்குவதுதான். ஆறு வயதுக்கு மேல் நினைவு தெரிந்து ஓர் இடத்தில் கால் வைத்தவர்கள்தான் அதற்குச் சாட்சி. அவர்களில் ஒருவர் மட்டும் மிஞ்சும்போது அவர் கடைசிச் சாட்சி. அவர் சொல்வதுதான் முத்திரை, அதாவது இறுதிப் பதிவு. அதற்கு முரணாகப் பேசிய பழைய குரலை மிதவையிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிரதிகூட வைத்துக்கொள்ள முடியாது. பொய்ப் பத்திரங்களால் குட்டிச்சுவரான நகரம் போட்ட சட்டம் அது. பொய் என்று தெரிந்துவிட்டால் ஒரு சொல்கூட மிஞ்சக் கூடாது. கடைசிச் சாட்சி முப்பது நாள் வாயே திறக்காவிட்டால், இருக்கிற குரலே முத்திரையாகிவிடும்.

"சொல்லிடுங்க, உங்களுக்கு அப்புறம் சொல்ல யாருமில்லை" என்று எத்தனை கிழவர்களிடம் கெஞ்சியிருக்கிறாள்! ஊருக்குத்தான் உபதேசம். தனக்கு வந்தபோது, முப்பது நாள் சும்மா இருந்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

நடந்தது இதுதான். அவளுக்குப் பன்னிரண்டு வயது. மாவட்ட அணித் தேர்வுக்கு இரண்டு நாள் பாக்கி. சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டுமென்று அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயைப் பாதி பாட்டில் ஊற்றினாள். மாஸ்டர் மற்ற எதற்கும் அடிக்கமாட்டார், திட்டமாட்டார். எண்ணெய் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. எண்ணெய் விட்டால் ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, பேப்பரில் சொட்டு விழாத வரைக்கும் துடைத்துவிட்டுத்தான் தளத்தில் இறங்க வேண்டும். அவள் துடைக்கவில்லை. அவசரம். முதல் ஆளாக உள்வளைவை ஒட்டிப் பறந்தாள். அவள் போன வழியெல்லாம் சொட்டு. பின்னால் வந்த வர்ஷினி அதே வளைவில் திரும்பினாள், அவ்வளவுதான், கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் வந்து யார் எண்ணெய் கொட்டியது என்று கத்தினார்கள். மிருதுளாவின் வாய் தானாகச் சொன்னது, "மாஸ்டர்தான் அங்கிள் காலைல கேட்டுக்கு எண்ணெய் போட்டார்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க, நான்தான்" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தளத்தை உடைத்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். இருபத்தொன்பது வருடத்துக்கு முன் தெருவைத் தண்ணீருக்கு விட்டபோது மாஸ்டரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அப்போதும் மனிதர் அதையேதான் சொன்னார். அந்த வருடம்தான் மிருதுளா இடப்பதிவகத்தில் சேர்ந்திருந்தாள். ஓடிப்போய் அவர் காலில் விழுந்திருக்கலாம். போகவில்லை. அவர் இறந்தும் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஒரு வாடகைத் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு அந்த மிதவைக்குப் போனாள். எதிர்பார்த்தபடியே அங்கே இன்னொரு படகு. தளத்தை மூடியபோது கைக்குழந்தையாக இருந்த மாஸ்டரின் மகள் பெனிட்டா வாரா வாரம் வருவாள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்தில் வீட்டோடு எல்லாப் படமும் பதிவும் போய்விட்டன. அப்பா என்று அவளுக்கு மிச்சம் இருப்பது அந்தப் பதினெட்டு நொடிதான்.

"அப்பாகிட்ட ஸ்கேட்டிங் கத்துக்கிட்டவங்களா?" மிருதுளா யாரென்று சொன்னதும் பெனிட்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்படி வாங்கக்கா, டீ இருக்கு. அவரைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களான்னு எவ்வளவு நாளாத் தேடறேன் தெரியுமா?"

அட கடவுளே, டீ வேறா! மிருதுளா கோப்பையை வாங்கவில்லை. வாங்கினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்து, படகு ஆடுவதைக்கூடப் பார்க்காமல், மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். தையல் மெஷின் எண்ணெய், உள்வளைவு, சங்கத்துக்காரர்கள், தன் வாய்.

பெனிட்டா பிளாஸ்க்கை மூடினாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். எல்லாரும் போனப்புறம் என் ஸ்கேட்டைக் கழட்டி, சக்கரத்தைத் தன் கர்ச்சீப்பால துடைச்சுப் பையில வெச்சுக் குடுத்தார். ஒரு வார்த்தை சொல்லலை."

"தெரிஞ்சேதான் சொன்னாரா?" பெனிட்டாவின் குரல் உயர்ந்தது. "கை தவறிடுச்சு, பாவம், மனுஷன்தானேன்னு நான் அவரை மன்னிச்சு வெச்சிருந்தேன். அம்மா சாகற வரைக்கும் திட்டினாங்க. ஒரு டப்பாவை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாம மூணு பேர் சோத்துல மண்ணைப் போட்டியேன்னு. அதுக்கப்புறம் அவருக்கு எவன் வேலை குடுத்தான்? கேஸ் சிலிண்டர் தூக்கினார், ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்த்தார். அம்மாகிட்டகூட வாயைத் திறக்கலையே. உங்களைக் காப்பாத்தினார், சரி. எங்களை யாரு காப்பாத்தினா?"

"மன்னிச்சிருங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு வாய் வரலைம்மா."

"கேக்காதீங்க."

மிருதுளாதான் மறுபடி பேசினாள். "நான் உண்மையைச் சொன்னா சட்டப்படி அவர் குரலை அழிச்சிருவாங்க. சொல்லலைன்னா பழி அவர் மேலயே நின்னுரும். நீங்க எது வேணும்னு சொல்றீங்களோ..."

"ஓ, அந்தப் பாரத்தையும் என் தலையில வெக்கலாம்னு வந்தீங்களா?" பெனிட்டா துடுப்பை எடுத்தாள். "அன்னைக்கும் நீங்க செஞ்சதுக்கு வேற ஒருத்தர்தானே சுமந்தார்? நான் எதுவும் சொல்லமாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா பண்றப்ப நான் அங்க இருக்கணும்."

திங்கட்கிழமை பதிவறையில் மூன்று பேர் இருந்தார்கள். தன் அதிகாரியிடமே வாக்குமூலம் வாங்க வேண்டிய சங்கடத்தில் இளம்பரிதி நிமிர்ந்தே பார்க்கவில்லை. மிருதுளா பேசினாள். ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து, பேர், வயது, எண்ணெய், பொய் எல்லாவற்றையும் சொன்னாள். பொய்ச் சாட்சி சொன்னவருக்கு இங்கே வேலை கிடையாது என்பதால் ராஜினாமாக் கடிதத்தையும் மேஜையில் வைத்தாள். மனம் லேசாகும் என்று இத்தனை காலம் எல்லோருக்கும் உறுதி சொல்லியிருக்கிறாள். லேசாகவில்லை. குற்றவுணர்ச்சி இருந்த இடத்திலேயே கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

இளம்பரிதி விதிப்படி கேட்டான். "முந்தைய சாட்சியின் குரல் நிரந்தரமா நீக்கப்படும். கட்டைவிரலை வைங்க மேடம்."

"ஒரு நிமிஷம்," என்றாள் பெனிட்டா. "கடைசியா ஒரு தடவை கேட்டுக்கறேன்."

சேவியர் மாஸ்டர் பேசினார். தண்ணீர்ச் சத்தமும் படகுச் சத்தமும் இல்லாத அந்த அறையில் குரல் மிகத் துல்லியமாகக் கேட்டது. முடிந்ததும் பெனிட்டா, "நடுவுல இருந்து போடுங்க தம்பி" என்றாள். அவன் போட்டான். ஏதோ ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"'டப்பாவை'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கறார், கேட்டீங்களா?" அவள் மிருதுளாவைப் பார்க்கவில்லை, ஒலிபெருக்கியைப் பார்த்துத்தான் பேசினாள். "சின்ன வயசுல வீட்ல ஒரு தட்டு சோறுதான் இருக்கும். அதை என் பக்கம் தள்ளிட்டு, 'அப்பா வெளியிலயே சாப்பிட்டுட்டேன்டா கண்ணு, நீ சாப்பிடு'ம்பார். சொல்றதுக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு மூச்சு இழுப்பார். அறுபது வயசாகுது எனக்கு. அவர் சாப்பிடலைன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

இளம்பரிதி ஒலிபெருக்கியை அணைத்தான். மிருதுளா கட்டைவிரலை ரேகைக் கண்ணாடி வரை கொண்டுபோனாள். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறீர்களா என்று பெனிட்டாவிடம் கேட்க நினைத்தாள். அதைக் கேட்கத் தனக்கு என்ன தகுதி என்று தோன்றியது.

"வைங்கக்கா," என்றாள் பெனிட்டா. "இனிமேலாவது அவர் பொய் சொல்லாம இருக்கட்டும்."

மிருதுளா விரலை அழுத்தினாள்.