ஒட்டுப் போட்ட ஏரி

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஏரியின் மேல் மட்டும் ஒரு மேக நிழல் கிடந்தது.

அவள் இரண்டு முறை எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஏசி முனகிக்கொண்டு, யாரோ சூடாக்கி மறந்துபோன காபியின் கருகல் வாடையை அறை முழுக்கச் சுற்றவிட்டுக்கொண்டிருக்க, திரையில், செயற்கைக்கோள் காலையில் எடுத்து அனுப்பிய படத்தில், தென்கரையை ஒட்டி மை கொட்டியதுபோல அந்தக் கறை பரவியிருந்தது.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பாசிக்காரி. ஏரியில் பாசி எங்கே படர்கிறது, தண்ணீர் எங்கே சூடேறுகிறது, இறங்கிக் குளிக்கலாமா கூடாதா என்று வானத்திலிருந்து வரும் படத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை. அவள் போடும் வரைபடத்தைப் போனில் பார்த்துவிட்டுத்தான் ஊரே தண்ணீரில் கால் வைக்கும். மேகமோ அதன் நிழலோ மறைத்த இடத்தை வெறுமனே விட முடியாது. பார்க்கிறவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதனால் அதே இடத்தின் பழைய படத்தில் ஒரு துண்டை வெட்டி மேலே வைத்துவிடுவார்கள். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவது மாதிரிதான். ஆனால் இதில் தையல் வெளியே தெரியாது.

இந்த நிழலுக்கும் கோடை தொடங்கியதிலிருந்து அவள் ஒட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். முதலில் நடு ஏரியில் ஒரு படகு அளவுக்கு இருந்தது. படத்துக்குப் படம் கொஞ்சம் பெருத்தது, கொஞ்சம் கரைப்பக்கம் நகர்ந்தது. ஒருமுறை மேலதிகாரியிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மேகமே இல்லாம நிழல் எப்படி சார் வரும்?"

"கம்ப்யூட்டர் நிழல்னு சொல்லுதுல்ல? பொய் சொல்ல அதுக்கு நம்ம மேல என்ன கோபம்? ஒட்டப் போட்டு அனுப்பும்மா."

அனுப்பினாள். வேலை முடிந்தால் சரி என்று அவளுக்கும் இருந்தது.

மனுஷன் கேலிக்காரர். இன்று காலையில்கூட, மேசையில் இருந்த காகிதப் பொட்டலத்தை அவள் பிரித்துக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே மகளின் முன்பல், ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. எப்போதோ கட்டிலில் இடித்துக்கொண்டதில் அதன் ஓரம் லேசாக வெட்டுப்பட்டிருந்தது. ஆபீஸில் எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டு மகளே மடித்துக் கொடுத்திருந்தாள்.

"பல்லு போச்சா? விடும்மா, அதுக்கும் ஒரு ஒட்டுப் போட்டுடலாம்" என்றார் அவர்.

இன்றும் கை பழக்கத்தில் போய்விட்டது. நிழலைச் சுற்றிக் கணினி கோடு இழுத்தது. அவள் போன வாரத்துப் படத்தை எடுத்து ஒட்டினாள். ஏரி பளிச்சென்று ஆனது. அப்போதுதான் கோட்டைக் கவனித்தாள். அது கரையோடு நிற்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது தண்ணீர் மட்டும் என்பதால் நிலத்தையெல்லாம் கணினி கறுப்பாக மூடி வைத்திருக்கும். கோடு அந்தக் கறுப்புக்குள் புகுந்து போயிருந்தது.

மூடியை எடுத்தாள்.

படகுத்துறை. நீச்சல் பழகும் இடம். அவர்கள் தெரு. நீலத் தகரம் போட்ட அவள் வீடு. எல்லாம் கோட்டுக்குள். எல்லாம் போன வாரத்துப் படம். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மகள் வீட்டில் இருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டுக் கணவனும் இருந்தான்.

அடியில் இன்றைய வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒட்டைப் பிரித்தாள்.

நிழல் இல்லை. தெரு இல்லை. வீடு இல்லை. படமே எடுக்கப்படாத இடம்போல ஓர் ஓட்டை. எங்கிருந்தோ ஏரியடிச் சேற்றின் வாடை மூக்கில் ஏறியது. பதறிப்போய் ஒட்டைத் திரும்பப் போட்டாள். நீலக் கூரை வந்தது. போனை எடுத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கணவனின் குரல். அதற்குப் பின்னால் சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம்.

"என்னங்க, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நமக்கென்ன குறைச்சல். சமையக்கட்டுக் குழாய்தான் ஒழுகுது. பிளம்பரக் கூப்பிடணும்."

பிளம்பர் இந்த வாரம் திங்கட்கிழமையே வந்து குழாயை மாற்றிவிட்டுப் போயிருந்தார்.

"பாப்பாகிட்ட குடுங்க."

போன் கைமாறும் சத்தம். மூச்சு.

"அம்மா, என் பல்லு ஆடுது."

பொட்டலத்தைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மேலதிகாரி பின்னால் ஏதோ கூப்பிட்டார். ஸ்கூட்டர் எப்படி வந்து சேர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வழியெல்லாம் வெயில். தெருமுனையில் வெயில் நின்றுவிட்டது. தரையில் நிழலின் விளிம்பு வளைந்து போகவில்லை. படிக்கட்டுபோலக் கட்டம் கட்டமாக வெட்டியிருந்தது, படத்தை மிகப் பெரிதாக்கினால் தெரியும் விளிம்பு மாதிரியே. மேலே பார்த்தாள். நீல வானம். சூரியன்.

உள்ளே போனாள்.

சில்லிட்டது. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. கேட்டைத் திறந்தாள். செருப்புக்கு அடியில் நறநறவென்று ஏதோ நொறுங்கியது. வெள்ளைப் பொடிக்கல். இதை யார் கொட்டினார்கள்?

மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிரித்தாள். பல்வரிசை முழுசாக இருந்தது.

"பாப்பா..."

"அம்மா, என் பல்லு ஆடுது."

மகள் இரண்டு விரலால் பல்லைப் பிடித்தாள். இழுத்தாள். வந்துவிட்டது. ரத்தம் இல்லை. அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். ஓரத்தில் அதே வெட்டு. இன்னொரு கையில் பொட்டலம் மடித்தபடியே இருந்தது.

மகள் வாயை மூடினாள். திறந்தாள். வரிசை முழுசு.

"அம்மா, என் பல்லு ஆடுது."

உள்ளே குழாய் சொட்டியது. "பிளம்பரக் கூப்பிடணும்" என்றான் கணவன், யாரிடமோ.

பல் நழுவிக் கீழே விழுந்தது. எது என்று தேடினாள். தெரியவில்லை. படியிலிருந்து கேட் வரைக்கும், கேட்டைத் தாண்டித் தெருவிலும், வெள்ளை வெள்ளையாக. எதை எடுத்தாலும் ஓரத்தில் அதே வெட்டு.

தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். இந்த ஒட்டின் கோட்டுக்கு வெளியே கொண்டுபோனால், கையில் என்ன இருக்கும்?

அவள் படியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் அடுத்த பல்லை நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள்.