கூழாகிப்போன மணிகள்

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு எரிசாராய ஆலையின் உலை அறையில் இருந்தவர்கள்: மேலாளர்; மணி போடும் அம்மாள்; பக்கத்துக் கட்டடத்து ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த வாரம்தான் மாற்றலாகி வந்த ஆய்வாளர்; பழி சுமந்த ஆபரேட்டர்; அவர் கூட்டி வந்த துப்பறிவாளர்; துப்பறிவாளரின் கொழுந்தன். கடைசி ஆளை யாரும் அழைக்கவில்லை.

ஆபரேட்டர் நண்பகலில் துப்பறிவாளரின் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார். "அஞ்சு மணிக்குள்ள ராஜினாமா எழுதித் தரணுமாம்மா. பத்தொன்பது வருஷ வேலை. நான் அந்தச் சூட்டுக் குமிழைத் தொடவே இல்ல."

வேலை இதுதான். ஈஸ்ட் செல்களைக் கடற்பாசிப் பசையில் கலந்து, கால்சியம் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒவ்வொரு சொட்டும் கடுகளவு மணியாக இறுகிவிடும். செல்கள் உள்ளே உயிரோடு மாட்டிக்கொள்ளும். மணிகளை ஆளுயரக் கண்ணாடிக் குழாயில் நிரப்பிச் சர்க்கரைத் தண்ணீரை ஓடவிட்டால் எரிசாராயம் வரும். செல்கள் தண்ணீரோடு போகாது.

காலை ஒன்பதிலிருந்து பத்துவரை ஆபரேட்டர் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்தபோது குழாய் முழுக்கக் கூழ். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் தொண்ணூறு டிகிரியில் நின்றது. முப்பதில்தான் அவர் விட்டுப் போயிருந்தார்; உடனே முப்பதுக்கே இறக்கினார்.

"சூட்டுல உருகிடுச்சு. அதுல என்ன துப்பு வேண்டிக்கிடக்கு?" என்றார் மேலாளர்.

துப்பறிவாளர் குழாயருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். கூழுக்குள் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. அடியில் சுண்ணாம்புபோல வெள்ளை வண்டல்.

"அண்ணி, இந்தாளு மேலாளர் முழியே சரியில்ல" என்று கொழுந்தன் காதைக் கடித்தான்.

"உன் முழியும்தான் சரியில்ல. சும்மா இரு."

பிறகு மணி போடும் அம்மாளிடம் திரும்பினார். "மிச்ச மணி இருக்கா? கொஞ்சம் கொதிக்கிற தண்ணியில போடுங்க."

அம்மாள் சிரித்தார். "எவ்வளவு நேரம் போட்டாலும் மணிக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள இருக்கிற செல்லுதான் சாகும்."

மணிகள் கொதிநீரில் உருண்டையாகவே சுழன்றன.

"அடுத்து, பக்கத்து ஆய்வுக்கூடத்துல செல் கழுவுவாங்களே, அந்த பாஸ்பேட் உப்புத் தண்ணி."

கொழுந்தன் ஓடிப்போய் ஒரு பாட்டில் கொண்டுவந்தான். இந்த முறை மணிகளைப் போட்டதும் தண்ணீர் மெல்லக் கலங்கியது. கால் மணி நேரத்தில் மணிகள் சளியாகின. அடியில் அதே வெள்ளை.

"மணியை இறுக்கிப் பிடிச்சிருக்கிறது கால்சியம். பாஸ்பேட் அதைப் பிடுங்கிக்கும்" என்றார் துப்பறிவாளர். "மணி கரைஞ்சது கழுவினதால. அந்த ஒரு மணி நேரமும் தொண்ணூறுல வெந்திருந்தா ஈஸ்ட் செத்திருக்கும். இங்க நுரைக்குது. அதனால குமிழைக் கடைசியிலதான் திருப்பியிருக்காங்க, பழி போட."

"அப்போ யாரு?" என்றார் மேலாளர்.

"மணி சூட்டுல உருகும்னு நம்புற ஆளு. இந்தம்மா நம்ப மாட்டாங்க. ஆய்வுக்கூடத்துல செல் வளர்க்குற தட்டுல ஊத்த, தினமும் வேற ஒரு பாசிப் பசையைச் சூடாக்கி உருக்குறவர் நம்புவார். செல்லைப் பார்த்தாலே அந்த பாஸ்பேட் பாட்டிலுக்குக் கை போற பழக்கமும் அவருக்குத்தான். சார், உருகிடுச்சுன்னு உங்ககிட்ட முதல்ல சொன்னது யாரு?"

மேலாளர் ஆய்வாளரைப் பார்த்தார்.

ஆய்வாளர் சுவரில் சாய்ந்தார். "குழாய் கலங்கலா இருந்துச்சு. சுத்தம் பண்ணலாம்னு... அங்க எல்லாத்தையும் அதுலதான் கழுவுவோம். கண்ணு முன்னாடியே கரைஞ்சுது. பயந்துட்டேன்."

"கழுவினது தெரியாம செஞ்சது. குமிழு?"

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க வேலையைப் பாருங்க" என்று ஆபரேட்டரிடம் சொன்னார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆபரேட்டர் கையுறையை மாட்டி, கூழை வழிக்க நீளக் கரண்டியை எடுத்தார். மற்றவர்கள் நடைக்கு வந்தார்கள். ஆய்வாளர் மட்டும் வாசலில் தயங்கினார்.

"நானும் வந்து வழிக்கிறேன் அண்ணே."

ஆபரேட்டர் அவரை ஒருமுறை பார்த்தார். அவரை வெளியே விட்டுக் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.