அரக்கு வைத்த போத்தல்

போத்தலில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. வாயில் வைத்த அரக்கு அப்படியே இருந்தது.

கமலவேணி பக்கத்து வீட்டு அஞ்சலையைத்தான் சந்தேகித்தாள். காஜா பேராங் தெருவில் எது குறைந்தாலும் அஞ்சலையைச் சந்தேகிப்பது வழக்கம்; பாதி நேரம் சரியாகவும் இருக்கும். புருஷன் செத்து இரண்டு வருஷமான தையற்காரி கமலவேணியின் வயிறு வலப்பக்கம் மேடு தட்டியதை, அவளே கவனிக்குமுன் கவனித்தவள் அஞ்சலை. மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குக் கொடி தைக்கக் கொடுத்தவர்கள்கூடக் கொடியைப் பற்றிப் பேசிக்கொண்டே வயிற்றைப் பார்த்தார்கள். கொழுந்தன் பொன்னுதுரை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைக் கிழிக்கவில்லை. விலா இடுக்கில் நீள ஊசியை இறக்கி, கல்லீரலில் இருந்த நீர்க்கட்டியை உறிஞ்சி எடுத்தார். தெளிந்த தண்ணீர். மேடு வடிந்தது. திரும்ப ஊறலாம் என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

"அந்தத் தண்ணிய எங்கிட்ட குடுங்க. எங்க தெரு குடிச்சுப் பாக்கட்டும்!"

கத்தல் தாங்காமல் காயம் கட்டும் டிரெஸர் தேவதாஸ் போத்தலில் ஊற்றி அரக்கு வைத்துக் கொடுத்தார். அவள் அதை ஜன்னலில், தெருவைப் பார்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பாதிதான் இருந்தது. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கும் அஞ்சலை வீட்டில் பெலாச்சான் இறால்விழுது வறுபடும் வாடைக்கும் நடுவே, யாரோ பல்லில்லாத வாயால் உறிஞ்சுவது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, அவள் திட்டிக்கொண்டே போத்தலை வெட்டுத்துணியில் சுற்றி, அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். பாவாடை நாடா இறுக்கியது.

ஞாயிறு காலை வாசலில் கூட்டம்.

"என்னாங்க பொன்னுதுரை, பேரு வெச்சாச்சா?" அஞ்சலையின் குரல். சிரிப்பு.

"அண்ணி! தண்ணியக் காட்டுங்க. இல்லாட்டி மூட்டயக் கட்டுங்க."

"வர்றேன்டா! அத்தன பேரு மூஞ்சியிலயும் ஊத்துறேன்!"

பூட்டைத் திறந்தாள். துணியை உதறினாள்.

அரக்கு உடையவில்லை. தண்ணீர் இல்லை. ஒரு சொட்டும்.

கண்ணாடியின் உட்புறம் மூச்சுப் பட்டது போல ஆவி. ஆவியில் ஒரு கைத்தடம். நகத்தளவு உள்ளங்கை. ஐந்து விரல்.

கதவு அதிர்ந்தது. அஞ்சலை கத்தினாள்: "வேணி, பாப்பா தூங்குதா?"

வடிந்த மேடு வலது விலாவுக்குக் கீழே மறுபடி கனத்தது. பொத்தினாள். உள்ளிருந்து ஏதோ அவள் கையைத் தேடியது. கண்டுபிடித்தது. அழுத்தியது.

தாழ்ப்பாள் பெயர்ந்தது.

கமலவேணி கையை எடுக்கவில்லை. விறைத்த சேலைக்கு அடியில், அவள் விரல்களின் இடைவெளியில், இன்னும் ஐந்து விரல்கள் மெல்ல விரிந்தன.