புளியமரத்து ஆணி

படத்திலிருந்த புளியமரத்தில் நிஜமான ஆணி ஒன்று பாதி இறங்கி நின்றது.

செஞ்சி கடைத்தெருவில் பதினெட்டு வருஷமாகச் சாமி படத்துக்கும் செத்தவர் போட்டோவுக்கும் சட்டம் போடும் அன்புக்கரசி, இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பேர் தெரியாத பிரெஞ்சுக்காரன் எவனோ வரைந்த, பலகையில் ஒட்டிய பழைய துணிப்படம். பின்னால் ராஜகிரி மலை, முன்னால் ஒற்றை மரம். காலையில்தான் ஒரு புதுச்சேரிக்காரர் கொடுத்துவிட்டுப் போனார்.

பேய் பிடித்தவரின் உச்சிமுடியை ஆணியில் சுற்றிப் புளியமரத்தில் அறைவதை, பிறந்த ஊரான வல்லத்தில் அவளே பார்த்திருக்கிறாள். அந்த ஆணியைத் தொட எவனுக்கும் தைரியம் வராது. ஆனால் இது வெறும் படந்தானே, ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணாடி உட்காராதே என்று குறடால் பிடுங்கிவிட்டாள். புத்தி மேயப் போயிருந்தது.

ஆணியில் சுற்றியிருந்த முடி தூளாக உதிர்ந்தது.

பின்கட்டில் அவள் கணவன் ஹரிகிருஷ்ணன், காதில் பென்சிலைச் செருகியபடி கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தான். கீறும் சத்தம் எப்போதும் ஓர் இழுப்பில் முடிந்துவிடும். இப்போதோ பட்டப்பகலில், பஸ் ஹாரன்களுக்கு அடியில், அது ஈரமாக நீண்டுகொண்டே போக, பச்சைப்புளி வாசனை பல் கூசும்படி கடையெங்கும் பரவியது.

"இன்னா பண்ற அங்க?"

எட்டிப் பார்த்தாள்.

தன் இடக்கையைப் பலகையில் கிடத்தி, அடிக்கோல் வைத்து, கண்ணாடித் துண்டால் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நேர்கோடாகக் கீறிக்கொண்டிருந்தான். தரையெல்லாம் ரத்தம்.

"எவ்ளோ காலமா அந்த மரத்துலயே நின்னுக்குனு இருந்தேன் தெரியுமா?" அது ஹரியின் குரல் இல்லை.

இந்த மனுஷனை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை. பாய்ந்து அவன் உச்சிமுடியைக் கொத்தாகப் பிடுங்கினாள். கண்ணாடித் துண்டு அவள் தோளைக் கிழித்தது. விடவில்லை. படத்திடம் ஓடினாள். முடியை ஆணியில் சுற்றினாள். பழைய ஓட்டை. சுத்தியல்.

ஒன்று. பின்கட்டில் அலறல்.

இரண்டு. அலறல் துணிக்குள்ளிருந்து வந்தது.

"அன்பு, நான்டி. வலிக்குது."

ஓங்கிய கை நிற்கவில்லை. மூன்று.

மரத்தடியில் இதுவரை இல்லாத ஓர் ஆள். காதில் பென்சில். உச்சந்தலையில் ஆணி. திறந்த வாய்.

குறடை எடுத்தாள். பின்னாலிருந்து ரத்தம் வழியும் கை வந்து, அவள் கையை மெல்ல அழுத்தியது.

"ஆணிய புடுங்கக் கூடாதும்மா. ஒங்க ஊர்ல சொல்லலியா?" மறுபடி அந்த அந்நியக் குரல்.

அந்தக் கை கண்ணாடியை எடுத்துப் படத்தின்மேல் வைத்தது. ஆணி முழுசாக இறங்கியிருந்ததால் கச்சிதமாக உட்கார்ந்தது.

உள்பக்கம், மரத்தடிக்கு நேராக, கண்ணாடியில் மூச்சுப் படிந்தது.