எடைமேடை நம்பர் இரண்டு

மணிமாறன் தர வேண்டியது நானூற்று முப்பது ரூபாய். அந்த வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் அது அவனுக்கே தெரியாது...

சங்ககிரி பைபாஸில் டீக்கடை ஓரமாக ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. அவன் ரசீதுப் புத்தகத்தோடு போய்க் கண்ணாடியைத் தட்டினான். லாரிகளுக்குப் பேர் எழுதுகிற கை. விரல் இடுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட்.

"ஏனுங்க, கபடிக் குழுவுல இருந்து வாரேனுங்க. போன வருசம் ஆக்சிடென்ட்ல போன எங்க கூட்டாளிங்க காத்தான், கௌசிக் நெனவா போட்டி வெக்கறோம். வசூலாவுற காசுல இந்த வண்டிக்கே ஸ்ட்ரெச்சரும் ஆக்சிஜன் சிலிண்டரும் வாங்கித் தாரோம். ஏதாச்சும்..."

கண்ணாடி மெல்ல இறங்கியது. முதலில் தெரிந்தது கண்கள்தான். தூங்காத கண்கள். ஆனாலும் சேறு தெளிந்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தன...

"நான் தர மாட்டேனுங்க. நீங்கதான் எனக்கு நானூத்தி முப்பது ரூபா தரோணும்."

"நானா?"

"சட்டை முன்னூத்தம்பது. பஸ்சுக்கும் டீக்கும் எம்பது. நீலக்கட்டம் போட்ட சட்டைங்க... இப்பக்கூட அதத்தான் போட்டிருக்கறீங்க."

மணிமாறன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். 

போன வருசம் அந்த ஆக்சிடென்ட் அன்று, ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் தோய்ந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தபோது யாரோ ஒரு பையை மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால், ரோட்டில், அதே கண்களைப் பார்த்துத்தான் அவன் கத்தினான்... "இவ்ளோ லேட்டா வந்தா எப்படிப் பொழப்பாங்க?"

கத்தினவனுக்குத்தான் அவள் சட்டை வாங்கித் தந்திருந்தாள்.

"பையில இருக்கறது குழுப் பணமுங்க. எங்கிட்ட அம்பதுதான் இருக்குது."

"அப்ப வாரம் அம்பது கட்டுங்க. வட்டி வேண்டாம்."

டிரைவர் கருப்பண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "ஏங்கண்ணு தனப்பிரியா, சீட்டுக் கம்பெனி எப்ப ஆரம்பிச்ச?"

வெள்ளிக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின.

அவள் மல்லசமுத்திரத்துப் பெண்; ஆம்புலன்சில் முதலுதவி பார்க்கிறவள். டீயில் சர்க்கரை போட மாட்டாள். போன் அடித்தால் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் தாவுவாள். ஆறிய டீயைப் பார்த்துக்கொண்டே அவன் கொஞ்ச நேரம் நிற்பான்... மனசு அந்த சைரன் சத்தத்தோடு கொஞ்ச தூரம் போய்த் திரும்பும்.

"மூணு வாரமா டீக்கு நான்தான் காசு குடுக்கறேன். கடன்ல கழிச்சுக்குவீங்களா?"

"டீ வேற, கடன் வேறங்க."

"ரொம்பக் கறாருங்க நீங்க."

"பெயிண்டருக்குச் சட்டை வாங்கித் தந்தவ... கறாராத்தான் இருக்கோணும்."

எட்டாவது வாரம். நானூறு முடிந்திருந்தது. தூறல் விழுந்தது. அவள் கையில் விழுந்த துளியைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க அன்னிக்கு லேட்டுன்னு கத்துனது... வண்டில ஏறும்போதெல்லாம் இன்னும் கேக்குதுங்க. போன் பண்ணுனவர் யாரோ வழில போனவர்போல. லாரி எடை போடற எடைமேடைப் பக்கம்னு கன்ட்ரோல் ரூம்ல சொன்னாங்க. பைபாஸ்ல அது கெழக்க ஒண்ணு, மேக்க ஒண்ணு இருக்குதே... எதுன்னு நான் திருப்பிக் கேக்கல. மேக்க போயிட்டுத் திரும்பறதுக்குள்ள ஏழு நிமிசம் போயிருச்சு. என்ர தப்புதான்."

மணிமாறன் டம்ளரை வைத்துவிட்டு நடந்தான்.

போன் பண்ணினது அவன்தான்.

லாரி ஊரில் வளர்ந்தவனுக்கு எடைமேடை என்றால் தினமும் பெயிண்ட் அடிக்கப் போகிற பட்டறைக்கு எதிரில் இருக்கிறதுதான். இன்னொன்று இருப்பது அந்த நடுக்கத்தில் நினைவுக்கு வரவில்லை. பிறகு வந்தது. வந்தும் ஒரு வருசமாக யாரிடமும் சொல்லவில்லை. ஊரே வண்டி லேட்டு என்று பேசியது. அவன் பேசவிட்டான்...

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. மைதானத்துக்குப் போகிற வழியில் தனப்பிரியா வண்டியை நிறுத்தச் சொன்னாள். கிழக்கு எடைமேடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மஞ்சள் எழுத்து... 'எடைமேடை நம்பர் 2. ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் நம்பரைச் சொல்லுங்கள்.' பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவன் கையெழுத்து.

மைதானத்தில் ஸ்ட்ரெச்சரையும் சிலிண்டரையும் கொடுத்த பிறகு, மணிமாறன் மேடையேறி மைக்கை வாங்கினான்.

"வண்டி லேட்டுன்னு ஒரு வருசமா பேசறோமுங்க. தப்பு வண்டி மேல இல்லீங்க. போன் பண்ணுனது நானு. எந்த எடைமேடைன்னு நான் சொல்லல. அந்தப் பொண்ணு மேல பழி போட்டு, நான் பேசாம இருந்துட்டேன்..."

முன்வரிசையில் காத்தானின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "எறங்கி வா சாமி," என்றார்.

ஆம்புலன்சுக்குப் பின்னால் தனப்பிரியா நின்றிருந்தாள். தூறல் அவள் இமையில் உட்கார்ந்திருந்தது.

"எங்கிட்ட ஏனுங்க மொதல்லயே சொல்லல?"

"சொன்னா வெள்ளிக்கெழமை போயிருமுங்களே..."

"கோவம் நெறைய இருக்குதுங்க."

"இருக்கட்டுமுங்க. இருக்கோணும்."

அவள் கொஞ்ச நேரம் புது ஸ்ட்ரெச்சரைத் தடவினாள். "அன்னிக்கு நேரா வந்திருந்தாலும் பொழச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா... இப்ப இத ஏத்தி வெக்க வண்டில ஏறுனேன். நீங்க கத்துன அந்தச் சத்தம் கேக்கல."

அவன் மூன்று பத்து ரூபாய் நோட்டை நீட்டினான்.

"இத வாங்கிட்டா கணக்கு முடிஞ்சிரும். அப்பறம் எதுக்கு வருவீங்க?"

"உங்களப் பாக்க வருவேனுங்க... உங்களப் புடிச்சிருக்குதுங்க. வட்டி வேண்டாம்னு சொன்னீங்களே, அன்னில இருந்தே."

முன் சீட்டிலிருந்து கருப்பண்ணன் குரல் வந்தது. "காதப் பொத்திக்கிட்டேன் கண்ணு. நீங்க பேசுங்க!"

தனப்பிரியா சிரிப்பை உதட்டுக்குள் அடக்கினாள். கண்ணில் அடங்கவில்லை. நோட்டுகளை வாங்கி, குழுவின் உண்டியலில் போட்டாள்.

"ரசீது எழுதுங்க. மொத நாளு நீட்டுனீங்களே... அது."

அவன் எழுதினான். எத்தனையோ லாரிக்கு எழுதின கை, அந்த ஒரு பேருக்குத் தடுமாறியது. அவள் ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள்.

"எனக்கும்தானுங்க..." என்றாள், தரையைப் பார்த்தபடி. "வெள்ளிக்கெழமை வாரீங்களா?"

"வாரேனுங்க."

நானூற்று முப்பதும் தீர்ந்திருந்தது.