நாற்பத்து மூன்று காலிக் கட்டங்கள்

மூன்று மாதமாக மழையில்லை. ஆனாலும் பதிவறையில், நனைந்த பூட்ஸைக் கழற்றாமல் யாரோ நெடுநேரமாக நிற்பதுபோல ஓர் ஈரத்தோல் வாடை, பழைய படைப்பிரிவின் சேவைப் பதிவேடுகள் தொட்டால் உதிரும்படி காய்ந்து கிடந்த இரும்பு அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து வந்து எழுத்தரின் மூக்கிலேயே தங்கிவிட்டது.

"எலி கிலி செத்திருக்கும் அண்ணே," என்றாள் தட்டச்சுக்காரி. "இல்லேன்னா உங்க டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்க." சிரித்தபடியே சாப்பிடப் போனாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் வந்த அந்த அம்மாளின் முகம் கண்ணைவிட்டுப் போக மறுத்தது.

"எங்கப்பா பட்டாளத்தை விட்டு ஓடிட்டாருன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுதாமே சார்? நெஜமா? வீட்ல அவர் படத்தைக் கழட்டிட்டாங்க."

"பதிவுல அப்படித்தாம்மா இருக்கு."

பதிவில் அப்படி இல்லை. படை ஆற்றைக் கடந்த நாளுக்குப் பிறகு, நாற்பத்து மூன்று பேருக்கு 'எவ்வாறு நீங்கினார்' என்ற கட்டம் காலியாகவே இருந்தது. அவற்றை அவர் கணினியில் ஏற்றியபோது, காலியாக விட்டால் அது அடுத்த பெயருக்குப் போகவிடவில்லை. திரை காட்டிய பட்டியலில் முதலில் நின்ற சொல் 'ஓடிப்போனார்'. மாலைப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் நாற்பத்து மூன்று முறை அதையே அழுத்தினார்.

இப்போது ஒரு தாளை எடுத்தார். 'பிழை என்னுடையது' என்று எழுதினார். ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. நாலு பேர் என்ன சொல்வார்கள்? தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

அலமாரிகளுக்குப் பின்னால், பல கால்கள் ஒரே சமயத்தில் தரையில் அறைந்தன.

பிறகு நிசப்தம். நீர் சொட்டும் ஓசை.

பயத்துக்கு முன்னால் வெட்கம் வந்தது. காது மடல் சுட்டது. எழுந்து எட்டிப் பார்த்தார்.

யாருமில்லை. தரையில் ஈரத் தடங்கள். ஜோடி ஜோடியாக. நுனிகள் எல்லாம் அவர் நாற்காலியை நோக்கி. ஜோடிகளை எண்ணினார். நாற்பத்து மூன்று.

'நான்தான் போட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவை நோக்கி ஓடினார்.

இரண்டே எட்டு. கால் நகரவில்லை. குனிந்தார். செருப்படியில் நீர் ஊறிக்கொண்டிருந்தது. கலங்கல் நீர். கணுக்கால். முழங்கால். இடுப்பு. அவரைச் சுற்றி மட்டும்.

கதவு திறந்தது. தட்டச்சுக்காரி உள்ளே பார்த்தாள். அவரைத்தான் பார்த்தாள். அவர் அங்கே இல்லாததுபோல, பின்னாலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள்.

கத்த வாய் திறந்தார். வாய்க்குள் ஆறு புகுந்தது.

"சொல்லாம கொள்ளாம ஓடிட்டாரே மனுஷன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அவருக்கு இருபுறமும், தோளோடு தோள் உரசி, ஈரமாக, யாரோ வரிசையை நெருக்கிக்கொண்டார்கள்.